பூவைப் பார்க்க இறங்கவில்லை

அன்புள்ள பாப்பா,

இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நேற்று சாயங்காலம் ஒரு பாட்டம் மழை. வழக்கம்போலக் கடை வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

நீ பிரேம் போட்டு அனுப்பிய போட்டோ போன வாரம் வந்து சேர்ந்தது. நீலப் பூக்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்து சிரிக்கும் படம். அம்மா அதைக் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம், "மலையில் சைக்கிள் ஓட்டும்போது பூவைப் பார்த்ததும் இறங்கி உட்கார்ந்துவிட்டாராம்" என்று சொல்கிறாள். சாமிக்குப் பக்கத்தில் ஒரு பொய் தொங்குவது எனக்கு உறுத்துகிறது. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பூவைப் பார்க்க இறங்கவில்லை. விழுந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். அமெரிக்காவில் கொலராடோ மலையூரான கிரெஸ்டட் பியூட்டில் அன்று காலை நீ வரைபடத்தை விரித்து, பச்சை வட்டம் என்றால் சுலபமான பாதை, நீலச் சதுரம் என்றால் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் கடினம் என்று விளக்கிவிட்டு, லோயர் லூப் பாதையில் விரலை வைத்தாய். "இது உங்களுக்குச் சரியாக இருக்கும், அப்பா" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. பதினாறு வயதிலிருந்து சைக்கிளோடு கிடக்கிறவன் நான். வீல் கோட்டம் எடுப்பதில் பெரம்பூரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எனக்கா சுலபமான பாதை என்று உள்ளுக்குள் பொருமினேன். ஆனால் நான் வாழ்நாளில் ஏறிய பெரிய மலை பெரம்பூர் மேம்பாலம்தான் என்பதை அப்போது மறந்துவிட்டேன்.

வாடகைக்கு எடுத்த அந்த சைக்கிளைத் தொட்டுப் பார்த்ததிலேயே என் கர்வம் பாதி போய்விட்டது. டயரைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு, காற்று குறைவாக இருக்கிறது, பம்ப் எங்கே என்று கேட்டேன். கல்லிலும் வேரிலும் டயர் அமுங்கிப் பிடித்துக்கொள்வதற்காக வேண்டுமென்றேதான் குறைவாக வைப்பார்கள் என்றாய். உள்ளே டியூபே இல்லை என்றும், பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றியிருக்கிறார்கள், முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்றும் சொன்னாய். பாப்பா, பஞ்சர் ஒட்டித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அந்தப் பாலைக் கண்டுபிடித்தவன் நம் தெருவுக்கு முப்பது வருஷம் முன்னால் வந்திருந்தால் நம் கதி என்ன?

பாதை அழகாகத்தான் இருந்தது. அதில் பொய் இல்லை. பீனட் ஏரி ஓரமாகப் போனபோது தண்ணீரில் மலை தலைகீழாக நின்றது. ஜூலையிலும் உச்சியில் பனி வெள்ளைத் திட்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆஸ்பென் மரங்களை நான் இன்னும் மறக்கவில்லை. காற்றே இல்லாதபோதும் இலை நடுங்கியது. காம்பு தட்டையாக இருப்பதால் அப்படி ஆடுகிறது என்றும், ஒரு தோப்பே ஒரே வேரிலிருந்து கிளம்பியதாக இருக்கும் என்றும் நீ சொன்னாய். கோயில் அரசமரத்தடியில் உட்கார்ந்தால் கேட்கும் சலசலப்புதான். மரம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

ஆனால் சின்ன ஏற்றம் வந்தாலே நெஞ்சு அடைத்தது. அந்த ஊர்த் தெருவே சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான். கடற்கரை ஊர்க்காரனைக் கொண்டுபோய் தொட்டபெட்டாவுக்கும் மேலே பெடல் மிதிக்கச் சொன்னால் என்ன ஆகும்? எனக்கு அது ஸ்லோ பஞ்சர் போலத்தான் தோன்றியது. காற்று இருக்கிறது, அழுத்தம் இல்லை. கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குகூட அங்கே இல்லை. ஏற்றம் வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், ஏறும்போது மாற்றினால் செயின் கதறும் என்று நீ இரண்டு முறை சொன்னாய். நான் ஏறும்போதுதான் மாற்றினேன். அந்தச் சத்தம் உன் காதில் விழுந்தும் நீ திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன், பாப்பா.

ஒன்று பிடித்திருந்தது. இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும், சைக்கிள்காரர் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற அந்த ஊர் வழக்கம். எதிரில் இறங்கி வந்த ஒரு பெரியவர் சைக்கிளை ஓரம் கட்டி நின்று, மூச்சிரைத்து ஏறிய எனக்குத் தலையசைத்தார். நம் மேம்பாலத்தில் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறவனைப் பார்த்து அடிக்கப்படும் ஹாரன்களை நினைத்துக்கொண்டேன்.

இப்போது விழுந்த கதை. ஏற்றம் முடிந்து, ஸ்லேட் ஆற்றுப் பக்கமாகப் பாதை வளைந்து இறங்கும் இடம். நீ முன்னால் போய்விட்டாய். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக என் கைக்குப் பழகியது, வலது பிரேக் முன் சக்கரத்துக்கு, இடது பிரேக் பின் சக்கரத்துக்கு. அமெரிக்க சைக்கிளில் இது தலைகீழ். ஒரு மெக்கானிக் ஏறி உட்காரும் முன் ஒயரைப் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை. வளைவில் வேகம் கூடியதும், பின் பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கினேன். பிரேக் கட்டை வைத்த சைக்கிளாக இருந்தால் கிறீச்சிட்டுக்கொண்டு மெல்ல நிற்கும். அந்த டிஸ்க் பிரேக்கோ பட்டென்று பிடித்தது. முன் சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலே போய் அந்த நீல லூபின் பூக்களுக்கு நடுவில் விழுந்தேன். பூ மெத்தை மாதிரிதான் இருந்தது. அதன் நடுவில் இருந்த ஒரு கல்தான் முழங்கையைப் பதம் பார்த்தது.

நீ திரும்பி வருவதற்குள் எழுந்து உட்கார்ந்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "என்னப்பா, இங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள்?" என்று கேட்டாய். "பூவைப் பார், பாப்பா" என்றேன். நீ போட்டோ எடுத்தாய். கன்சைட் பாலத்தில் நின்று ஆரஞ்சு உரித்துத் தின்றபோதுகூடக் கையை மடக்காமலே வைத்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வரும், அதற்குள் திரும்ப வேண்டும் என்று நீ அவசரப்படுத்தியது எனக்கு நல்லதாகப் போயிற்று.

திரும்பும் வழியில்தான் நீ அந்தக் கதையைச் சொன்னாய். 1976-இல் அந்த ஊர் இளைஞர்கள் கியர் இல்லாத, பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் பழைய கனத்த சைக்கிள்களில், சுமார் 3,870 மீட்டர் உயரமுள்ள பேர்ல் கணவாயைத் தாண்டி ஆஸ்பென் நகரத்துக்குப் போனார்களாம். மோட்டார் சைக்கிளில் கணவாயைத் தாண்டி வந்து பெருமையடித்தவர்களுக்குப் பதில் சொல்வதற்காக! அதே வருஷம் கலிபோர்னியாவில் இன்னொரு கூட்டம் மலைச்சரிவில் பந்தயம் விட்டது. ஒருமுறை இறங்கினால் பிரேக் இருக்கும் பின் சக்கர நடுப்பகுதியான ஹப்பில் உள்ள கிரீஸ் புகைந்து எரிந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பெயர் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதே 1976-இல்தான் நானும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வேலையே ஹப்பைக் கழற்றி பால்ரஸ்ஸைத் துடைத்து கிரீஸ் அடைப்பது.

உனக்கு ஒன்பது வயதில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? தெருமுனையைத் தாண்டக் கூடாது என்று சொல்லியும் ஜமாலியா வரை போய் விழுந்தாய். முழங்கால் காயத்தைப் பாவாடையால் மறைத்துக்கொண்டு வந்து, "சும்மா பூ பறிக்கப் போனேன்" என்றாய். நான் உன் சைக்கிளைக் கடையில் மாட்டிப் பூட்டி ஒரு மாதம் தரவில்லை. வாடகை சைக்கிள் எடுத்துப்போகும் பையன்கள் விழுந்து வந்தால் தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பிய நான் உனக்கு மட்டும் அப்படிச் செய்தேன். நீ என்னிடம் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை.

அந்தச் சிவப்பு சைக்கிள் இன்னும் கடையில் தொங்குகிறது. போன திங்கட்கிழமை இறக்கினேன். ரிம் துருப்பிடிக்கவில்லை. புது டியூப் போட்டு, பிரேக் ஒயர் இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டிவிட்டேன். இப்போது இடதுதான் முன். தினமும் விடியற்காலையில் கடைக்கும் ஜமாலியாவுக்கும் போய் வருகிறேன். சீட்டை உயர்த்தியும் முழங்கால் கைப்பிடியில் இடிக்கிறது. பால்காரர் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அடுத்த ஜூலையில் வந்தால் அந்தப் பச்சை வட்டத்திலேயே ஓட்டுகிறேன். நீ எனக்காக மெல்ல ஓட்ட வேண்டாம். மாப்பிள்ளையோடு நீலச் சதுரத்துக்குப் போ. நான் பாலத்தில் ஆரஞ்சோடு உட்கார்ந்திருப்பேன்.

இன்று காலை ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. முதலில் வலது கைதான் பிடித்தது.

அன்புடன்,
அப்பா