விஷமத்துக்கு டிக் போட்ட பிள்ளைகள்

கொழிஞ்சாம்பாறை, கேரளா
நவம்பர் 9

அம்மிணி,

மனதை அளக்கிற துறையில் அமெரிக்காவில் பிஎச்டி-க்கு விண்ணப்பிக்க நீ எழுதி அனுப்பிய ஸ்டேட்மெண்டை இரண்டு தடவை படித்தேன். "சிறு வயதிலிருந்தே மனித மனம் என்னை ஈர்த்தது" என்று ஆரம்பித்திருக்கிறாய். சிறு வயதில் உன்னை ஈர்த்தது எதிர்வீட்டு ஆட்டுக்குட்டி. பெற்றவளுக்கே தெரியாத சங்கதியை அமெரிக்காவில் இருக்கிற பேராசிரியர் எப்படி நம்புவார்?

அதை எடுத்துவிட்டு விஷமத்தை எழுது. நீ பத்தாவது படிக்கும்போது எங்கள் ஸ்கூலுக்கு ஒரு படிவம் வந்ததே, பிள்ளைகளின் மனநிலையை அளக்க. மலையாளத்தில் தயாரித்ததை யாரோ தமிழில் படிக்கிற பிள்ளைகளின் வகுப்புக்காக, தமிழ் டிவிஷனுக்காக, மாற்றியிருந்தார்கள். "எனக்கு அடிக்கடி விஷமம் தோன்றுகிறது." மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். நம் பிள்ளைகளுக்கும் அது தெரியும்தான், ஆனால் தமிழ் எழுத்தில் பார்த்தால் சேட்டைதானே முதலில் நினைவுக்கு வரும். கடைசி பெஞ்சில் ஒரே சிரிப்பு. பையன்கள் பெருமையாக 'எப்போதும்' கட்டத்தில் டிக் போட்டார்கள். கூட்டிப் பார்த்தால் தமிழ் டிவிஷனே சோகத்தில் மூழ்கிக் கிடந்தது! "இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன பிரச்சனை டீச்சரே?" என்று கேட்டவர்களுக்கு விளங்கவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன், அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஒரு கேள்வியை எடுத்துட்டுக் கூட்டினா என்னம்மா வரும்?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாய். ஒரே அளவு வருத்தம் உள்ள இரண்டு பிள்ளைகள் மொழி மாறியதால் ஒரு கேள்விக்கு வேறு வேறு பதில் சொன்னால், அதை டிஃபரன்ஷியல் ஐட்டம் ஃபங்ஷனிங் என்பார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். உன் ஸ்டேட்மெண்டில் அந்தப் பெயர் இருக்கிறது, படிவம் இல்லை.

அப்புறம், உன் பட்டியலில் எட்டு பல்கலைக்கழகங்கள். வட கரோலினாவின் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில், இந்தத் துறையின் முன்னோடி தேர்ஸ்டன் 1952-இல் தொடங்கிய ஆய்வகம் இருக்கிறது என்று பெரிதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பெருமையை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய்? இரண்டு மொழிப் படிவங்களை ஒப்பிடுகிற வேலையை இப்போது அங்கே யார் செய்கிறார், இந்த வருஷம் மாணவர் எடுக்கிறாரா என்று பார். நாலு வரியில் மெயில் போட்டுக் கேள். பதில் வராவிட்டாலும் நஷ்டமில்லை. அப்படி ஆள் இல்லாத இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடு, விண்ணப்பக் கட்டணமாவது மிஞ்சும்.

பணத்தைப் பற்றி அப்பாவிடம் பேசிவிட்டேன். தோப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்பப் பார்த்தார். மாஸ்டர்ஸ் என்றால்தான் பெரும்பாலும் கைக்காசு, பிஎச்டி-யில் ஆராய்ச்சியிலோ வகுப்பிலோ உதவி செய்தால் பொதுவாகக் கட்டணத்தைத் தள்ளிவிட்டு மாதச் சம்பளமும் தருவார்கள் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. பத்திரம் மட்டும் திரும்பப் பெட்டிக்குள் போய்விட்டது.

லீனியர் ஆல்ஜீப்ரா பயமுறுத்துகிறது என்றாய். 1904-இல் ஸ்பியர்மேன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களைத்தான் எடுத்துப் பார்த்தார். ஒரு பாடத்தில் நன்றாக எழுதுகிறவன் மற்றதிலும் எழுதுகிறானே, அடியில் பொதுவாக ஏதோ இருக்கிறதா என்று. அப்படி அடியில் இருப்பதைக் கணக்குப் போட்டுத் தேடுகிற ஃபேக்டர் அனாலிசிஸ் அங்கேதான் தொடங்குகிறது. 31 வருஷம் மார்க் ரெஜிஸ்டர் எழுதியும் எனக்கு அது தோன்றவில்லை, போகட்டும். அந்தக் கணக்குக்குத்தான் லீனியர் ஆல்ஜீப்ரா வேண்டும், அதில் ஐகன் வேல்யூ என்கிற பாடம் வரைக்கும் தினம் ஒரு மணி நேரம் போடு. மாட்டிக்கொண்டால் ராத்திரி கூப்பிடு, நான் பதினொன்று வரை விழித்திருப்பேன்.

சிபாரிசுக் கடிதம் மூன்று வேண்டும். உன் மேனேஜர் நல்லவர்தான், ஆனால் நீ ஆராய்ச்சி செய்து அவர் பார்த்ததில்லை. ப்ராஜெக்டுக்கு வழிகாட்டிய மேடத்திடம் இந்த வாரமே கேள், டிசம்பர் முதல் தேதியே பல இடங்களில் கடைசி நாள். ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மார்க் கேட்கிறார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்.

இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது, துணி காயப்போட்டால் தோப்பில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறது. பீரோவைத் துழாவியதில் அந்தப் படிவம் ஒன்று கிடைத்தது. பையன் பெயரை மறைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். 'எப்போதும்' கட்டத்தில் இரண்டு தடவை டிக் போட்டிருக்கிறான்.

அம்மா