ஓய்வு வயதைக் கூட்டுமுன் படிப்பு விடுப்பு தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆயுள் கூடுகிறது, ஆகவே ஓய்வு வயதையும் கூட்டுவோம் என்பதோடு பல அரசுகளின் யோசனை நின்றுவிடுகிறது. டென்மார்க் 2025-இல் இயற்றிய சட்டப்படி, 2040-இல் அங்கே ஓய்வூதிய வயது 70. அப்படியானால் 22 வயதில் வேலைக்குச் சேர்பவர் 48 ஆண்டுகள் உழைக்க வேண்டும். இளமையில் படித்த ஒரு பட்டம் அவ்வளவு காலத்துக்குத் தாங்காது.

பயிற்சிக்குப் பணம் கொடுத்தால் போதும் என்பதும் தவறான கணக்கு. பிரான்சில் பெரும்பாலான தொழிலாளர்களின் பயிற்சிக் கணக்கில் ஆண்டுக்கு 500 யூரோ சேர்கிறது, உச்சவரம்பு 5,000. அந்தப் பணத்தைக் குறிவைத்துத் தொலைபேசியில் வலைவிரிக்கும் மோசடிகள் பெருகியதால், 2022 டிசம்பரில் அத்தகைய அழைப்புகளையே தடைசெய்ய வேண்டிவந்தது.

நடுவயதில் உண்மையான தட்டுப்பாடு நேரம்தான். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம் எல்லாம் ஒருசேர வரும் வயது அது. சம்பளம் நின்றால் படிப்பைப் பாதியில் விடுவதைத் தவிர வழியில்லை. சுவீடன் 2022-இல் கொண்டுவந்த திட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறது: 14 ஆண்டுகளில் 8 ஆண்டு வேலை பார்த்தவர் 44 வாரம் வரை முழுநேரம் படிக்கலாம், ஒரு வரம்புக்கு உட்பட்டுச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும். ஆனால் விண்ணப்பங்கள் குவிந்ததால் பலருக்கு வகுப்பு தொடங்கிய பிறகே பதில் வந்தது. பதில் தெரியாமல் யார் விடுப்பு எடுப்பார்? அனுமதி முதலில், சேர்க்கை பிறகு என்ற வரிசை மாறவே கூடாது.

செலவு கட்டுக்கடங்காதது அல்ல. மாதச் சம்பளத்தில் 4 சதவீதத்தை நிறுவனமும் ஊழியரும் பாதிப்பாதியாக 10 ஆண்டு ஒதுக்கினால், வட்டி இல்லாமலே 4.8 மாதச் சம்பளம் சேரும். 80 சதவீதச் சம்பளத்தில் ஆறு மாதம் படிக்க அது சரியாகப் போதும்.

பாடத்திட்டமும் மாற வேண்டும். பதினெட்டு வயதினருக்கு வகுத்த பாடத்தை 45 வயதினர் முன் வைத்தால், தெரிந்ததையே கேட்டுச் சலித்து விலகுவார்கள். மறந்துபோன கணக்கில் தடுமாறியும் விலகுவார்கள். சேரும்போதே தேர்வு வைத்து, தெரிந்த பகுதிக்கு விலக்கும் விடுபட்ட பகுதிக்கு இரண்டு வார முன்பயிற்சியும் தரலாம். வேகத்தை அளக்கும் தேர்வுகளைக் குறைத்து, வேலையில் வரும் சிக்கல்களையே பயிற்சியாகக் கொடுத்தால் அவர்களின் அனுபவம் கைகொடுக்கும்.

இவ்வளவும் முடித்து 46 வயதில் வேலைக்கு விண்ணப்பிப்பவரை, விளம்பரத்தில் இருக்கும் '35 வயதுக்குள்' என்ற ஒரு வரி வெளியே நிறுத்திவிடுகிறது. ஓய்வு வயதை உயர்த்தும் அதே சட்டத்திலேயே அந்த வரியையும் நீக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்