வளைவில் ஓடாத டிராம் தொகுப்பு: வாடிக்கையாளர் புகார்

அனுப்புநர்
டிராம் தொகுப்பு வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பிரிக் பொம்மைத் தயாரிப்பு நிறுவனம்

பொருள்: ‘மோட்டார் பொருத்தி ஓட்டலாம்’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்ற டிராம், மோட்டார் பொருத்தியபின் ஓடாதது, மாற்றுப் பாகங்களும் திருத்திய கையேடும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பிளாஸ்டிக் பிரிக்குகளை அடுக்கிக் கட்டும் உங்கள் பொம்மை டிராம் தொகுப்பின் பெட்டியில், முன்பக்கத்திலேயே, மோட்டார் பொருத்தி ஓட்டலாம், மோட்டார் தனியாக விற்கப்படும் என்று போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் டிராமோடு நீங்களே விற்கும் ரயில் மோட்டார், பேட்டரி பெட்டி, ரிமோட், தண்டவாளம் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினேன். நேர்த் தண்டவாளத்தில் டிராம் நகர்கிறது. வளைவு வந்ததும் நின்றுவிடுகிறது, இல்லையென்றால் தடம் புரள்கிறது. குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிராம் அழகாக இருக்கிறது. ஜன்னல்களின் வரிசை, கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கை, ஓட்டுநர் மேடையின் சின்னக் கைப்பிடி எல்லாம் டிராமை நன்றாகப் பார்த்து ரசித்தவர் செய்த வேலை. அதனால்தான் வருத்தமும் அதிகம். இந்த வண்டி வட்டமாக ஓடுவதைப் பார்க்கத்தான் என் மகளும் நானும் இதை வாங்கினோம்.

பேட்டரி பெட்டியில் தொடங்குகிறேன். பிரிக் ரயிலுக்கு மோட்டார் போடுவது புதிய வித்தை ஒன்றும் இல்லை. லெகோ நிறுவனம் 1966-லேயே 4.5 வோல்ட் பேட்டரியில் ஓடும் ரயிலை விற்றது. 1991-ல் வந்த 9 வோல்ட் ரயில்களுக்கு மின்சாரம் உலோகத் தண்டவாளம் வழியாகவே வந்தது. வண்டிக்குள் பேட்டரிக்கு இடமே தேவைப்படவில்லை. இப்போது உங்கள் முறையில் தண்டவாளம் வெறும் பிளாஸ்டிக். 6 செல் போட்ட பெட்டி வண்டிக்குள்ளேயே பயணம் செய்தாக வேண்டும். நீண்ட ரயில் என்றால் அதை ஒரு சரக்குப் பெட்டியில் ஒளித்துவிடலாம். டிராம் ஒற்றைப் பெட்டி, சுற்றிலும் ஜன்னல். ஆகவே பேட்டரிக்கான இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றித்தான் மற்றதைக் கட்ட வேண்டும்.

நீங்கள் செய்திருப்பது நேர் எதிர். பிரிக்கின் மேல் இருக்கும் குமிழ்களை எண்ணித்தான் அளவு சொல்வது வழக்கம். டிராமின் வெளி அகலம் 6 குமிழ், அதாவது 48 மி.மீ. இரண்டு பக்கச் சுவரும் ஒவ்வொரு குமிழ் எடுத்துக்கொண்டால் உள்ளே மிச்சம் 4 குமிழ். பேட்டரி பெட்டியும் சரியாக 4 குமிழ் அகலம்தான். காகிதத்தில் கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் பயணிகள் இருக்கைகளைத் தாங்கும் பிடிகள் சுவரிலிருந்து உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பெட்டியை இறக்க வேண்டுமென்றால் இருக்கைகள், பிடிகள், ஒரு பக்கச் சுவரின் பாதி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மோட்டார், பேட்டரி பெட்டி படங்களும் ஒரு அம்புக்குறியும் மட்டும் இருக்கின்றன. எதைக் கழற்றுவது, வயரை எந்த வழியாக மேலே எடுப்பது என்று ஒரு படி கூட இல்லை.

சரி, பிரித்துக் கட்டுவது பிரிக் பொம்மையில் ஒரு இன்பம்தான் என்று இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அடுத்தது.

டிராமின் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே 16 குமிழ், 128 மி.மீ. தூரம் இருக்கிறது. இரண்டும் தரைத் தட்டோடு அசையாமல் பூட்டப்பட்டவை. உங்கள் வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 40 குமிழ், 320 மி.மீ. இந்த அளவுகளை வைத்துப் பார்த்தால் வளைவில் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தை 11 பாகைக்கும் மேலான கோணத்தில் முட்டுகிறது. சக்கர விளிம்பு உரசி, ஏறி, வெளியே குதிக்காமல் என்ன செய்யும்? நிஜ டிராம்களில் இரண்டே அச்சு கொண்ட பழைய வண்டிகளுக்கு, தெருமுனையில் திரும்ப வேண்டும் என்பதற்காகவே, அச்சுகளை வண்டியின் நடுவில் நெருக்கமாக வைத்து, முன்னும் பின்னும் உடலை நீளவிட்டிருப்பார்கள். நீளமான வண்டிகளுக்குத் திரும்பக்கூடிய சக்கரச் சட்டங்கள், அதாவது சக்கரங்களைத் தாங்கி வண்டிக்கு அடியில் தனியே சுழலும் சட்டங்கள், உண்டு. உங்கள் மாதிரியில் இரண்டும் இல்லை.

மோட்டார் பொருத்தினால் ஒரு முனையிலாவது திருப்பம் கிடைக்க வேண்டும். ரயில் மோட்டாரே நடுவில் ஒரு ஊசியில் (முளையில்) சுழலும் சக்கரச் சட்டம்தானே. ஆனால் சக்கரங்களை மறைக்கத் தண்டவாளம் வரை இறங்கும் பக்கத் தட்டிகள் அதைச் சுழல விடுவதில்லை. கொஞ்சம் திரும்பியதும் மோட்டாரின் மூலை தட்டியில் இடிக்கிறது. சக்கரம் சிக்கி நின்றதும் மோட்டார் இழுக்கும் மின்சாரம் கூடி, பேட்டரி பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. மறுபடி உயிர்ப்பிக்கப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தான் கூரைக்கு அடியில்! கூரையோ நீளம் முழுக்கக் குமிழ்களில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. சுவரின் மேல்விளிம்பில் குமிழ் இல்லாத வழுவழுத் தட்டுகளைப் போட்டு, நான்கு மூலையில் மட்டும் குமிழை விட்டிருந்தால் ஒரு கையால் தூக்கலாம். எடையையும் சொல்ல வேண்டும்: கையேட்டுப் படப்படி பேட்டரி பெட்டி மோட்டார் இல்லாத முனையில் வருகிறது. ஓட்டும் சக்கரங்களின்மேல் பாரம் இல்லாததால் அவை வழுக்கிச் சுழல்கின்றன.

இவற்றை உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பேட்டரியை மாற்றிப் பாருங்கள் என்று முதலில் பதில் வந்தது. சார்ஜ் ஏற்றும் செல்கள் ஆறு சேர்ந்தால் 7.2 வோல்ட்தான் என்பது எனக்குத் தெரியும். புதிய ஆல்கலைன் செல்கள் போட்டு 9 வோல்ட்டில்தான் சோதித்தேன். அப்புறம் வந்த பதில், இது முதன்மையாகக் காட்சிக்கு வைக்கும் மாதிரி என்றது. காட்சிக்கு மட்டும் என்றால் பெட்டியின் முன்பக்கத்தில் அந்த வாசகம் எதற்கு? அதைப் படித்துவிட்டுத்தானே ஒருவர் மோட்டாரையும் பேட்டரி பெட்டியையும் சேர்த்து வாங்குகிறார்? அவை டிராமைவிட மலிவானவை அல்ல.

இந்த வண்டியை ஓட வைக்க முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்த உதிரிப் பாகங்களால் பின் அச்சையும் சுழலும் ஊசியில் மாட்டி, மோட்டாருக்குப் பக்கத்துத் தட்டிகளைக் கழற்றி, பேட்டரி பெட்டியை மோட்டாருக்கு மேலேயே வைத்தேன். டிராம் வட்டத்தை நிற்காமல் சுற்றியது. ஆனால் தட்டிகள் போனதும் சக்கரமும் வயரும் வெளியே தெரிகின்றன. டிராமின் அழகு போய்விட்டது. தட்டிகளை உடலில் மாட்டாமல் சக்கரச் சட்டத்தோடு சேர்த்து மாட்டினால் அவையும் கூடவே திரும்பும். அதற்கான வளைந்த பாகங்கள் இந்தத் தொகுப்பில் இல்லை.

எனவே நான் கேட்பது இதுதான். இரண்டு முனைகளிலும் திரும்பும் சக்கரச் சட்டங்களுக்கான பாகங்களை, அவற்றோடு திரும்பும் தட்டிகளையும் சேர்த்து, கட்டணமின்றி அனுப்புங்கள். மோட்டார் பொருத்துவதைப் படிப்படியாகக் காட்டும் கையேட்டை வெளியிடுங்கள். இதே டிராமை வாங்கிய மற்றவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும். அதுவரை விற்கும் பெட்டிகளில் அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். பாகங்களை அனுப்ப முடியாது என்றால் டிராம், மோட்டார், பேட்டரி பெட்டி, ரிமோட், தண்டவாளம் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையைத் தர வேண்டும். பாகங்கள் வருவதைத்தான் நான் விரும்புகிறேன்.

வாங்கிய ரசீதின் நகலையும், மோட்டார் தட்டியில் இடிக்கும் இடத்தின் படங்களையும் இணைத்துள்ளேன். பதிலை உங்கள் வடிவமைப்புப் பிரிவைக் கேட்டுவிட்டு எழுத்தில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்