ஒன்றும் காணவில்லை என்று எழுதியவர்களுக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக நீங்கள் அனுப்பிவந்த பறவைப் பதிவுகளைத் தொகுத்துச் சரிபார்த்து ஆய்வுக் கட்டுரையாக்கும் பணி அண்மையில் நிறைவடைந்தது. அந்தக் கட்டுரையின் கடைசியில் தன்னார்வலர்களுக்கு நன்றி தெரிவித்து ஒரே ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியவன் நான். இதழ் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான் என்றாலும், உங்கள் உழைப்புக்கு அந்த ஒரு வரி போதாது என்ற உறுத்தல் நீங்காததால் இம்மடலை எழுதுகிறேன்.

என் முதல் நன்றி, "இன்று ஒரு பறவையும் இல்லை" என்று பதிவு செய்தவர்களுக்கு. விடியுமுன் எழுந்து, நடந்து, காத்திருந்து, ஒன்றையும் காணாமல் திரும்பியவர் அதை எழுதி அனுப்ப மனம் சலிப்பது இயல்பு. ஆனால் ஓரிடத்திலிருந்து பதிவே வராமற்போனால், அங்கே பறவை இல்லையா, பார்ப்பதற்கு ஆள் செல்லவில்லையா என்பதை எங்களால் பிரித்தறிய இயலாது. உங்களில் ஒருவர் வறண்டுபோன ஒரு குளத்துக்கு ஒன்பது ஆண்டுகள் தவறாமல் சென்று, ஒவ்வொரு முறையும் சுழியத்தையே பதிந்திருக்கிறார். எங்கள் வரைபடத்தில் ஐயமின்றிக் குறிக்க முடிந்த மிகச் சில இடங்களுள் அந்தக் குளமும் ஒன்று.

"இல்லை" என்ற செய்தியின் மதிப்பை அறிவியல் நெடுங்காலமாக அறியும். 1715ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தின்போது ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி, நிழல் செல்லும் பாதையை முன்கூட்டியே வரைபடமாக வெளியிட்டு, எங்கெங்கே எவ்வளவு நேரம் முழு இருள் நீடித்தது என்று கவனித்துத் தெரிவிக்குமாறு பொதுமக்களை வேண்டினார். தம் ஊரில் சூரியன் முற்றிலும் மறையவில்லை என்று தெரிவித்தவர்களும் இருந்ததால்தான் நிழலின் விளிம்பைத் திருத்தமாக வரைய முடிந்தது.

இதே காரணத்தால்தான் கண்ட பறவைகள் அனைத்தையும் எழுதுங்கள் என்று உங்களிடம் மீண்டும் மீண்டும் கேட்டோம். அரிய பறவையைக் கண்ட நாளில் காகத்தையும் மைனாவையும் எண்ணி எழுதுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். வட அமெரிக்காவில் 1966 முதல் நடந்துவரும் இனப்பெருக்கக் காலக் கணக்கெடுப்பில், தன்னார்வலர்கள் ஒரு பாதையில் ஐம்பது இடங்களில் நின்று, ஒவ்வோரிடத்திலும் மூன்று நிமிடம் கண்டதையும் கேட்டதையும் குறிக்கிறார்கள். 1970க்குப் பிறகு அக்கண்டத்தில் ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் வெளியான ஆய்வு பெரிதும் இத்தகைய பதிவுகளையே சார்ந்திருந்தது. குறைந்தவற்றில் பெரும்பகுதி, எங்கும் இருப்பதாக எல்லோரும் எண்ணியிருந்த சாதாரணப் பறவைகள். அவற்றை எண்ணுவது வீண் என்று அந்தத் தன்னார்வலர்கள் விட்டிருந்தால், இந்த இழப்பு யாருக்கும் தெரியாமலே நடந்து முடிந்திருக்கும்.

பொதுமக்கள் திரட்டும் தரவை நம்பலாமா என்று என்னிடம் கேட்காத ஆய்வாளர் அரிது. அது நியாயமான கேள்வியே. ஆனால் ஓர் இனத்தை மற்றோர் இனமாகக் கருதிவிடுவதைவிட எங்களை அதிகம் அச்சுறுத்துவது வேறொன்று. விடுமுறை நாளில், எளிதில் சென்றடையும் அழகான இடங்களுக்கே எல்லோரும் சென்றால், நாட்டின் ஒரு முகம் மட்டுமே பதிவாகும். நாங்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கிய கட்டங்களில் குப்பைமேடும் இருந்தது, நெடுஞ்சாலை ஓரமும் இருந்தது, ஒரு மரமும் இல்லாத தரிசும் இருந்தது. இடத்தை மாற்றித் தரும்படி கேட்காமல் அங்கே சென்றவர்களே எங்கள் முடிவுகளுக்கு வலுச் சேர்த்தவர்கள். அவர்களை நான் எந்நாளும் மறவேன்.

அடுத்ததாக, என்னுடன் உடன்படாதவர்களுக்கு. நான்காம் ஆண்டில், பருவத்துக்குப் பொருந்தாதது என்று கூறி ஒரு பதிவை நான் ஒதுக்கிவைத்தேன். அதை அனுப்பியவர் சினம் கொள்ளாமல், மூன்று நாள் குறிப்புகளையும் இறகின் நிறத்தைக் காட்டும் கோட்டோவியங்களையும் அனுப்பி, மறுபடி பார்க்குமாறு கேட்டார். அவர் சொன்னதே சரி. 2007இல், இலட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களை வடிவத்தின்படி வகைப்படுத்தப் பொதுமக்களை அழைத்த கேலக்ஸி ஜூ திட்டத்தில், நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்க்கெல் ஒரு படத்தில் விளங்காத ஒளித்திட்டைக் கண்டு, இது என்னவென்று கேட்டார். கேட்கப்பட்ட வேலை வடிவத்தைக் குறிப்பது மட்டுமே. அவர் அத்துடன் நகர்ந்துவிடவில்லை. அது ஒளிரும் மாபெரும் வாயு மேகம் என்று பின்னர் தெரியவந்து, இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அத்தகைய கேள்விகளை எங்களிடம் கேட்டவர்கள் உங்களிலும் பலர். சிலருக்கு நான் மிகத் தாமதமாகவே விடை எழுதினேன்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

பழைய குறிப்பேடுகளை நம்பித் தந்த முதியவர்களுக்கும், மங்கிய எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்த மாணவர்களுக்கும், வண்டியும் பைனாகுலரும் இரவல் தந்தவர்களுக்கும், வைகறையில் வெளியேறியவர்களை ஏன் எதற்கு என்று கேளாமல் வழியனுப்பிய வீட்டாருக்கும் என் நன்றி உரியது.

இசைவு தெரிவித்த அனைவரின் பெயரும், அவர்கள் பதிவு செய்த நாள்களின் எண்ணிக்கையுடன், கட்டுரையின் பின்னிணைப்பாக வெளிவரும். சுழியம் பதிந்த நாள்களும் அதில் சேரும். முழுத் தரவும் எவரும் பயன்படுத்தும் வகையில் திறந்து வைக்கப்படும். அதில் உங்கள் பதிவு தவறாக ஏறியிருப்பதைக் கண்டால், தயங்காமல் எனக்கு எழுதுங்கள், திருத்திவிடுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பதிவுகளைத் தொகுத்தவன்