டாலர் நேமுக்கு வணக்கம்

பாளையங்கோட்டை
புரட்டாசி 25

ஏலே மக்கா,

ஆறு மாசமாக் கடுதாசி போடல. ஏசணும்னா பொறவு ஏசு. வீட்ல எல்லாரும் சுகம், அம்மைக்கு முட்டுவலிதான் கொறையல.

டவுன்ல நம்ம அல்வாக்கடை அண்ணாச்சிக்கு, ஆர்டர் மெயில் போறதுக்கு பிஹெச்பி மொழியில ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தேன்லா? தீபாவளி ஆர்டர் மொத நாளே நாறிப்போச்சு. ஆளோட பேரு வரவேண்டிய எடத்துல, எல்லாருக்கும் "வணக்கம் டாலர் நேம்"னு போயிருக்கு! "தம்பி, யாருவே அது டாலர் நேமு, அமெரிக்காக்காரனா?"ங்காரு அண்ணாச்சி. கீழ பில்லுக்குப் பதிலா, கட்டம் போடுற ஹெச்டிஎம்எல் குறியெல்லாம் டேபிள், டிஆர், டிடின்னு மொட்டையா நிக்கு.

எல்லாம் உன்னாலதாம்லே. பைத்தான் மொழி சொல்லிக் குடுக்கும்போது, "சிங்கிள் கோட்டோ டபுள் கோட்டோ, மேற்கோள் குறி எதப் போட்டாலும் ஒண்ணுதாம்டே"ன்னது யாரு? பைத்தான்ல சரி. பிஹெச்பியில சிங்கிள் கோட்டுக்குள்ள போட்டது போட்டபடியே கெடக்கும், டாலர் நேம் பேரா மாறாது. பேரு மாட்டுனது சட்டுனு பிடிபட்டுட்டு. மெயிலுக்கு மேல வர்ற ஹெட்டர் வரிதான் ரெண்டு ராத்திரி கோட்டி பிடிக்க வச்சிட்டு. வரி முடியுற எடத்துல, அடுத்த வரிக்குப் போகச் சொல்லுற பேக்ஸ்லாஷ் ஆர், பேக்ஸ்லாஷ் என் போட்டிருந்தேன், அதுவும் சிங்கிள் கோட்டுக்குள்ள. வரி முறியாம நாலு எழுத்தா அப்படியே போயிருக்கு. ஃப்ரம் வரி பின்னால வந்த ரிப்ளை-டூ, மெயில் எந்த வகைன்னு சொல்லுற கன்டென்ட்-டைப் எல்லாத்தையும் முழுங்கிட்டு ஒரே வாலா நீண்டு கெடக்கு. பொறவு அது ஹெச்டிஎம்எல்னு எவனுக்குத் தெரியும்?

இதுல ஒரு வக்கீலு வேற. பேருக்குப் பின்னால கமா போட்டு பி.எல். யாருக்குன்னு சொல்லுற டூ வரி, கமாவப் பாத்து அவர ரெண்டு ஆளாப் பிரிச்சிட்டு. அங்க சிங்கிள் கோட்ட ஒரு பயலும் மதிக்க மாட்டான்; பேரச் சுத்தி டபுள் கோட்தான் போடணும்.

சொல்ல வந்ததே வேற. நம்ம டைப்ரைட்டிங் சார் போன வாரம் தவறிட்டாரு. ஆத்தங்கரைக்குப் போயிட்டு வந்து குளிச்சிட்டு, தூக்கம் வராமத்தான் மறுபடி அந்தப் புரோகிராமைத் தொறந்தேன். ஆர்னா கேரியேஜ் ரிட்டர்ன், வரி ஆரம்பத்துக்குத் திரும்புறது; என்னுன்னா லைன் ஃபீட், ஒரு வரி கீழ எறங்குறது. "லிவரப் பிடிக்காமத் தள்ளுனா வரி மேல வரி விழும்லே"ன்னு உன் மண்டையில கொட்டுவாரே, அதேதான். 1982-ல வந்த மெயில் விதிமுறை ஆர்எஃப்சி 822-லயே ஹெட்டர் வரி முடிய ரெண்டும் வேணும்னு இருக்கு, இன்னைக்கும் மெயில் அதத்தான் கேக்கு. டபுள் கோட்டா மாத்துனேன், ஓடிட்டு. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

மெஷின எல்லாம் எடைக்குப் போடுதாங்களாம். மணி நல்லா அடிக்கிற ஒண்ண எனக்குச் சொல்லி வச்சிருக்கேன். எஸ் கட்டை ஒட்டிக்கிடுமே, உன் மெஷின், அதுவும் கெடக்கு. வேணுமாலே? வெரசாப் பதில் போடு.