யானைக்கால் நோய் ஆய்வில் கொரோனா காலத்தில் விழுந்த இடைவெளியைச் சரிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை,
சென்னை.

பொருள்: கொரோனா காலத்தில் பரிசோதனையிலிருந்து விடுபட்ட பிள்ளைகளுக்கு யானைக்கால் நோய்ப் பரிசோதனை நடத்த வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பணிக்காலத்தின் பெரும்பகுதியை யானைக்கால் நோய்க்கான இரவு ரத்தப் பரிசோதனையில் செலவிட்டவன் நான். இந்நோயின் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கிக்கொள்ளும். இரவு பத்து மணிக்கு மேல்தான் விரல்நுனி ரத்தத்தில் நன்றாகத் தென்படும். அதனால் ஊர் அடங்கிய பிறகு கதவைத் தட்டுவோம். தூக்கக் கலக்கத்தில் நீட்டுகிற விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காயவைத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் தேடுவோம். கால் வீங்காத, நல்ல ஆரோக்கியமாகத் தெரிகிற ஆளின் தகட்டில்கூடப் புழு நெளிந்த தடம் இருக்கும்.

2020 ஏப்ரல் 1 அன்று, இதுபோன்ற நோய்களுக்கான கள ஆய்வுகளையும் ஊர் முழுக்க மாத்திரை கொடுப்பதையும் தள்ளிவைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. அன்றைய நிலையில் அது சரியான முடிவுதான், நான் குறை சொல்லவில்லை. அப்புறம் 2021 ஏப்ரல் 20 முதல் நம் மாநிலத்தில் இரவு 10 மணி முதல் காலை 4 மணி வரை ஊரடங்கு வந்தது. நுண்புழு வெளியே வருவதும் அதே நேரத்தில்தான். எங்களையும் கொரோனா மாதிரி எடுக்க அனுப்பிவிட்டார்கள். சாயமேற்றாத தகடுகள் பெட்டியிலேயே கிடந்து வீணாயின.

இதைவிடப் பெரிய இழப்பு பள்ளிகளில் நேர்ந்தது. நோய் இன்னும் பரவுகிறதா என்று அறிய ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைத்தான் பரிசோதிக்கிறோம். அந்த வயதுப் பிள்ளைக்குத் தொற்று இருந்தால், அது அண்மையில் கொசு கடித்து வந்தது என்று பொருள். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குரிய வயதில் இருந்தவர்களைப் பள்ளியில் வைத்துப் பரிசோதிக்க வழியே இல்லாமல் போனது. வளர்ந்த புழு உடம்பில் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும் என்பதால், அன்று தவறவிட்ட தொற்று இன்றும் அவர்களிடம் இருக்கக்கூடும்.

எனவே, இப்போது நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் படிக்கும் அந்தப் பிள்ளைகளுக்குப் பரிசோதனைப் பட்டை கொண்டு ரத்தப் பரிசோதனை நடத்த உத்தரவிட வேண்டுகிறேன். இதைப் பகலிலேயே செய்யலாம், பத்து நிமிடத்தில் முடிவு தெரியும். தொற்று தெரிகிற பிள்ளையின் வீட்டாருக்கு மட்டும் இரவில் ரத்தம் எடுத்தால் போதும். கொரோனாவுக்காக வாங்கிய ஆர்டி-பிசிஆர் கருவிகளில், இந்நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுக்களைப் பிடித்து அவற்றில் புழுவின் மரபணு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இந்த முறையில் தேர்ச்சி பெற்ற புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொரு பெருந்தொற்று வந்தாலும், மாவட்டத்துக்கு ஓரிரு நுட்புநர்களையாவது இந்தப் பணியிலிருந்து மாற்றக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக ஆணையிடவும் வேண்டுகிறேன். 2027க்குள் யானைக்கால் நோயை ஒழிப்பதாக நாடு இலக்கு வைத்திருப்பதால், வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பள்ளிப் பரிசோதனையை ஆரம்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி தர அழைத்தால் ஊதியமின்றி வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்