லைக் கணக்கு வேண்டாம், புகார் எண் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஃபேஸ்புக்குக்கு வந்தபிறகு நகராட்சிகள் மக்களை நெருங்கிவிட்டன என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

எங்கள் ஊர் நகராட்சி தினமும் ஏதாவது போஸ்ட் போடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. மேயர் ரிப்பன் வெட்டுகிறார், மேயர் மரம் நடுகிறார், மேயர் யாருக்கோ கை கொடுக்கிறார். அதற்குக் கீழே தண்ணீர் லாரி எப்போது வரும், எங்கள் தெருவுக்கு வருமா வராதா என்று ஆளாளுக்குக் கேட்டிருப்பார்கள், ஒருவருக்கும் பதில் இருக்காது, கேள்வி அதிகமாகிவிட்டால் கமெண்டையே பூட்டிவிடுவார்கள். தப்பித்தவறி பதில் வந்தாலும், கால் சென்டருக்கு போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் வரும். அந்த போனை எடுக்க ஆள் இருந்தால் நாங்கள் ஏன் ஐயா ஃபேஸ்புக்குக்கு வருகிறோம்?

இந்த நாட்டின் நகராட்சி அமைப்புகள் சட்டம் 2000ஆம் ஆண்டில் வந்தது, அப்போது ஃபேஸ்புக்கே கிடையாது. ஆனால் அதன் 5ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எழுத்திலோ வாய்மொழியாகவோ மக்கள் நகராட்சிக்குச் சொல்வதற்கு, புகார் உட்பட, தாமதமில்லாமல் பதில் பெறுவது மக்களின் உரிமை என்கிறது. நகராட்சியே திறந்து வைத்த பக்கத்தில் எழுதுகிற கமெண்ட் எழுத்து இல்லையா? என்னைக் கேட்டால் அதுவும் புகார்தான், அங்கேயே எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

அப்புறம் அந்த அறிவிப்புப் படங்கள். குழாய்த் தண்ணீரை நிறுத்தப்போகும் நேரத்தை எல்லாம் ஒரு வண்ணப் படத்துக்குள் பொடி எழுத்தில் அடைத்துப் போடுகிறார்கள். பார்வையற்றவரின் போன் அதைப் பெரும்பாலும் சரியாகப் படித்துச் சொல்லாது, டேட்டா குறைவாக இருப்பவருக்குப் படம் திறக்கவே திறக்காது. படிக்கத் தெரியாதவர்களையும் உடல் ஊனமுற்றவர்களையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. சாதாரண எழுத்தில் நாலு வரி, கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு சின்னக் குரல் பதிவு, இதற்கு என்ன பெரிய செலவு? பக்கத்து வீட்டு ஆயா, வார்டு கமிட்டிக் கூட்டத்திலாவது போய்க் கேட்கிறேன் என்றார். சரி, கூட்டம் என்றைக்கு? அந்த அறிவிப்பும் ஃபேஸ்புக்கில்தான், அதுவும் படமாக.

சின்ன விஷயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2021 ஜூலைக் கலவரத்தில் நாட்டில் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களில் யார் பேசியது என்றே தெரியாத குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் வீடு வீடாகப் போய் என்ன பயத்தைக் கிளப்பின என்பது உங்களுக்கே தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் ஊரின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் நகராட்சி வாய் திறக்காவிட்டால் வதந்திதான் பேசும். ஆபத்து வரும் நாளில் மக்கள் நகராட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தை நம்ப வேண்டுமானால், சும்மா இருக்கும் நாளில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் நிருபர் நகராட்சி அதிகாரிகளைப் பேட்டி எடுத்தால், பக்கத்துக்கு எத்தனை லைக் என்ற கேள்வியை விட்டுவிடச் சொல்லுங்கள். கமெண்டில் வந்த புகார்களில் எத்தனைக்கு எண் கொடுத்தீர்கள், எத்தனை முடிந்தது என்று கேட்டு, சொன்ன பதிலை அப்படியே அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குவாசுலு-நட்டால், தென்னாப்பிரிக்கா